ஃபுல் ஸ்டாப்புல நில்லு, கமாவுல மூச்சு விடு! - குட்டீஸுக்கு ஆங்கில நிறுத்தக்குறிகள் சொல்லித்தர சுலபமான வழிகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தத் தெருவுல நடந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு மாடியில டியூஷன் சத்தம் கேட்கும். பிள்ளைங்க ஆங்கிலப் பாடத்தை ஒரே மூச்சுல, எங்கேயும் நிற்காம, ரயில் மாதிரி ஓட்டிக்கிட்டுப் போவாங்க. எழுத்தெல்லாம் தெரியும், வார்த்தையும் தெரியும். ஆனா, படிச்சு முடிச்சதும் 'என்ன படிச்சே?'ன்னு கேட்டா பதில் வராது.

இந்தச் சிக்கலுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, நாம பெருசா கண்டுக்காத சின்னச் சின்னப் புள்ளிகள். பங்ச்சுவேஷன் என்பது பரீட்சையில அரை மார்க் குறைக்கிற விஷயம் மட்டும் இல்லை. எங்கே ஒரு கருத்து முடியுது, எங்கே அடுத்தது ஆரம்பிக்குதுன்னு குழந்தைக்குக் காட்டுற வழிகாட்டிப் பலகை அது.

தமிழ்க் குழந்தைக்கு ஏன் இது கஷ்டம்?

குழந்தை கவனக்குறைவா இருக்குன்னு திட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை யோசிக்கணும். ஆங்கிலம் குறிகளால் செய்கிற பல வேலைகளைத் தமிழ் வார்த்தையின் வால்லயே முடிச்சிடுது.

'வந்தியா' என்றால் கடைசி 'ஆ'வே கேள்வின்னு சொல்லிடும். 'அம்மாவும் அப்பாவும் தம்பியும்' என்றால் கமா தேவையில்லை, 'உம்' போதும். 'வர்றேன்னு சொன்னான்' என்பதில் அந்த 'ன்னு'தான் மேற்கோள் குறி. 'ரவியோட பேனா' என்பதில் 'ஓட' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரபி செய்கிறது. கேப்பிடல் லெட்டர் என்ற ஒன்றே தமிழில் கிடையாது. அதனால், 'வாக்கியத்தோட முதல் எழுத்து ஏன் பெருசா இருக்கணும்?' என்று குழந்தை கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

டேங்க் தொழிற்சாலை, விமானப்படை நிலையம்னு மத்திய அரசு நிறுவனங்கள் நிறைந்த ஆவடியில் இந்தி பேசும் குடும்பங்களும் நிறைய. இந்தியில் வாக்கியத்தின் முடிவில் புள்ளி இல்லை, நின்ற கோடு ஒன்று வரும். அந்த வீட்டுக் குழந்தை ஆங்கில வாக்கியத்தின் முடிவிலும் கோடு போட்டால், அது பழக்க தோஷம். 'அந்த மொழிக்குக் கோடு, இந்த மொழிக்குப் புள்ளி'ன்னு சொன்னா போதும்.

கால், அரை, முக்கால், முழுசு

பழைய ஓலைச்சுவடிகளில் இன்று நாம் பயன்படுத்தும் நிறுத்தக்குறிகள் இல்லை. அச்சு இயந்திரமும் ஐரோப்பியர் தொடர்பும் வந்த பிறகுதான் இவை தமிழுக்குள் நுழைந்தன. 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடையில் இவற்றைப் பரவலாகப் பயன்படுத்தியவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர்.

இந்தக் குறிகளுக்குத் தமிழில் வைத்த பெயர்களே ஒரு நல்ல பாடம். கமா காற்புள்ளி, செமிகோலன் அரைப்புள்ளி, கோலன் முக்காற்புள்ளி, ஃபுல் ஸ்டாப் முற்றுப்புள்ளி. எவ்வளவு நேரம் நிற்கணும் என்பது பெயரிலேயே இருக்கு! கால் டம்ளர், அரை டம்ளர், முக்கால் டம்ளர், முழு டம்ளர் தண்ணீர் வைத்துக் காட்டினால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும். செமிகோலனும் கோலனும் இந்த வயதில் எழுதத் தேவையில்லை, பெயர் தெரிந்தால் போதும்.

எதை எப்போது சொல்லித் தரலாம்?

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கியது. 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளை, படிக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லித் தரும் முறை அது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்க்கும் அந்த யோசனையை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

அரும்பு: கேப்பிடல் லெட்டர், ஃபுல் ஸ்டாப். இந்த இரண்டும் ஜோடி. ஒன்று கதவைத் திறக்கும், ஒன்று மூடும். ஆள் பெயர், ஊர் பெயர், 'நான்' என்று பொருள் தரும் 'ஐ' ஆகியவற்றுக்கும் கேப்பிடல் உண்டு.

மொட்டு: கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, பட்டியலுக்கான கமா.

மலர்: அப்பாஸ்ட்ரபி, பேசுவதைக் காட்டும் இன்வர்ட்டட் கமா.

ஒன்று கைக்கு வந்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணித்தால், பக்கம் முழுக்கக் கமா தூவி வைப்பாங்க.

வீட்டிலேயே விளையாடலாம்

'மீனா' விளையாட்டு: ஒரு தாளில் 'மீனா' என்று மூன்று முறை எழுதுங்க. முதலாவதுக்கு ஃபுல் ஸ்டாப், இரண்டாவதுக்குக் கேள்விக்குறி, மூன்றாவதுக்கு ஆச்சரியக்குறி. முதலாவது பெயர். இரண்டாவது, 'குழம்புல இருக்கிறது மீனா?' மூன்றாவது, தெருமுனையில் இருந்து கூப்பிடுற 'மீனா!' குறி மாறினால் குரல் மாறும் என்பது இதிலேயே புரிஞ்சிடும். அப்புறம் 'லெட்ஸ் ஈட், மீனா' என்று எழுதிக் கமாவை அழிச்சுக் காட்டுங்க. கமா இருந்தா மீனாவைச் சாப்பிடக் கூப்பிடுறோம். இல்லைன்னா மீனாவையே சாப்பிடப் போறோம்!

ரயில் பட்டியல்: வில்லிவாக்கத்தில் ஏறினால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி. இதைக் குழந்தை ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நடுவில் கமா, ஆவடிக்கு முன்னாடி 'அண்ட்', இறங்கியதும் ஃபுல் ஸ்டாப். ஆறு ஊருக்கும் கேப்பிடல். ஒரே வாக்கியத்தில் மூன்று பாடம் முடிஞ்சது.

கைதட்டல் வாசிப்பு: நீங்க படிங்க, குழந்தை குறியைக் காட்டட்டும். ஃபுல் ஸ்டாப்புக்கு ஒரு கைதட்டல், கமாவுக்கு ஒரு சொடுக்கு, கேள்விக்குறிக்குப் புருவம் தூக்கணும். தினமும் பத்து நிமிஷம் போதும்.

புள்ளி வேட்டை: பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைக் காட்டி, 'இதில் எத்தனை வாக்கியம்?' என்று கேளுங்க. வரிகளை எண்ணினால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். புள்ளிகளை எண்ணினால் புரிந்துவிட்டது.

விரலால் படிக்கும் கமா

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடைய மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பிரெய்ல் படிக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் குறிகள் எல்லாம் உண்டு. ஆறு புள்ளிகள் கொண்ட கட்டத்தில் 2-ஆவது புள்ளி மட்டும் இருந்தால் கமா. 2, 5, 6 சேர்ந்தால் ஃபுல் ஸ்டாப். எழுத்துக்கு முன்னால் 6-ஆவது புள்ளி தனியாக வந்தால் அடுத்தது கேப்பிடல். ஒவ்வொரு குறியும் விரலில் தட்டுப்படும் தனி எழுத்து. கண்ணால் படிக்கும் நம்ம பிள்ளைங்கதான் அதைத் தாண்டி ஓடிடறாங்க! உப்புத்தாளில் குறிகளை வெட்டி ஒட்டி, கண்ணை மூடித் தடவச் சொல்லிப் பாருங்க. வடிவம் மனசுல நிற்கும்.

குழப்பும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, அப்பாஸ்ட்ரபி. 'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பார்க்கணும். பொருந்தினால் அப்பாஸ்ட்ரபி போடணும், பொருந்தவில்லை என்றால் கூடாது. பன்மைக்கு அது வரவே வராது. கடைப் பலகைகளில் இந்தத் தப்பு நிறைய இருக்கும். கண்டுபிடிச்சா ஒரு பாயின்ட் என்று சொல்லிப் பாருங்க, கடைத்தெருவே வகுப்பறை ஆகிடும்.

இரண்டாவது, யூடியூப். அமெரிக்க சேனல்களில் 'பீரியட்' என்பார்கள், நம்ம பள்ளியில் 'ஃபுல் ஸ்டாப்'. இரண்டும் ஒன்றுதான்.

சிவப்பு பேனாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க

ஆறு வயதுக் குழந்தை சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதினால், முதலில் அந்த நான்கு வாக்கியத்தைப் பற்றிப் பேசுங்க. குறிகளைச் சுற்றிச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டால், அடுத்த தடவை இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கும். அதற்குப் பதிலாக, 'நீ எழுதினதை நீயே சத்தமா படி' என்று சொல்லிப் பாருங்க. மூச்சு முட்டும் இடத்தில் குழந்தையே பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைக்கும். நாம சொல்லி வைக்கிற நூறு புள்ளியைவிட, அது தானா வைக்கிற அந்த ஒரு புள்ளிக்கு மதிப்பு அதிகம்.