புகைமூட்ட நாள்களில் மூச்சைக் காத்தல்: தென்கிழக்காசிய அனுபவம் குறித்த ஆய்வு

1. ஆய்வின் எல்லை

இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் மூளும் காட்டுத்தீயின் புகை கடல் தாண்டி வந்து சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடுவது, அங்கு வாழும் தமிழர்கள் நன்கறிந்த துன்பம். 1997, 2013, 2015 ஆகியவை அவற்றுள் கடுமையான ஆண்டுகள். வீட்டுக்குள் இருங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்ற அறிவுரை ஒவ்வொரு முறையும் ஒலிக்கிறது. அது தவறன்று, ஆனால் போதாது. காற்றிலுள்ள நுண்துகளின் அடர்த்தி, அதில் கழியும் நேரம், மூச்சின் வேகம் ஆகிய மூன்றுமே ஒருவர் உள்ளிழுக்கும் புகையின் அளவை முடிவுசெய்கின்றன. எந்தப் பாதுகாப்பு முறையையும் இம்மூன்றையும் கொண்டே எடைபோட வேண்டும்.

2. புகையின் தோற்றம்

முழுதாக மக்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து நீரில் ஊறிக் கிடக்கும் சதுப்பே பீட் நிலம். செம்பனைக்கும் காகித மரங்களுக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் அந்த மண்ணே எரிபொருளாகிறது. 1996இல் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு மத்தியக் கலிமந்தானில் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேரில் தொடங்கிய நெல் திட்டம் நிலத்தை இப்படித்தான் உலர்த்தியது. நெல் விளையவில்லை, மறு ஆண்டின் எல் நினோ வறட்சியில் நிலம் பற்றி எரிந்தது. இத்தீ சுடர்விடாமல் மண்ணுக்கடியில் கனலும். அரைகுறையாக எரிவதால் புகை மிகுதி. மேலே நீர் தெளித்தால் அடங்காது, பெருமழை வேண்டும்.

3. உடலில் நிகழ்வது

2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் (பிஎம் 2.5) நுரையீரலின் காற்றுப் பைகள்வரை இறங்குகின்றன. இழுப்பு கூடுவது கண்ணுக்குத் தெரியும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது தெரிவதில்லை. முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் முதலில் பாதிக்கப்படுவர். 2015 புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் சுமார் ஒரு லட்சம் பேர் அகால மரணமடைந்திருக்கலாம் என ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மதிப்பிட்டனர். இது கணினி மாதிரி தந்த கணிப்பு. அரசு அதிகாரிகள் இதை மறுத்தனர். எண்ணில் கருத்து வேறுபாடு இருக்கலாம், தீங்கில் இல்லை.

4. எண்களைப் படிக்கும் முறை

மக்கள் மிகவும் தடுமாறுவது இங்கேதான். சிங்கப்பூரில் உடல்நல அறிவுரைக்கு அடிப்படையான பிஎஸ்ஐ என்னும் காற்று மாசுக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலை பத்து மணிக்குப் புகை திடீரென இறங்கினால், முந்தைய இரவின் தெளிந்த காற்றும் கணக்கில் கலந்து எண்ணைத் தாழ்த்திக் காட்டும். புகை விலகிய பின்னரோ எண் உயர்ந்தே நிற்கும். 2013 ஜூன் 21 நண்பகலில் மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. இரண்டு நாளில் ஜொகூரின் மூவாரில் மலேசியக் குறியீடு 746 ஆகி, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஏற்றத்தைச் சராசரி தாமதமாகவே சொல்லும்.

ஆகவே நாளைத் திட்டமிட 24 மணி நேர எண்ணையும், இப்போது வெளியே போகலாமா என்று முடிவெடுக்க மணிநேர பிஎம் 2.5 அளவையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வகைப்பாட்டில் அது கனமீட்டருக்கு 55 மைக்ரோகிராம்வரை இயல்பு, 150வரை உயர்வு, 250வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் 24 மணி நேரத்துக்குப் பரிந்துரைக்கும் அளவு 15 மட்டுமே.

5. வீடும் முகக்கவசமும்

சன்னலைச் சாத்தினால் புகை தாமதமாக நுழையும், நுழையாமல் இருக்காது. வீட்டுக் குளிர்சாதனம் அறைக் காற்றையே சுற்றவிடுகிறது. அதன் சாதாரண வலை நுண்துகளைப் பிடிக்காது. ஒரே ஓர் அறையைத் தேர்ந்து, அதன் பரப்புக்கேற்ற ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிட்டு, நோயாளியும் குழந்தையும் அங்கே உறங்குவது முழு வீட்டையும் காக்க முயல்வதைவிடப் பயன் தரும். அந்நாள்களில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், எண்ணெய்ப் பொரியல் வேண்டாம். பூஜையைத் தீபத்தோடு நிறுத்திக்கொள்வதில் குறையொன்றுமில்லை. குளிர்சாதனம் இல்லாத வீட்டை அடைத்துவைத்தால் வெப்பமே முதியவர்களைத் தாக்கும். அவர்கள் குளிரூட்டப்பட்ட நூலகத்துக்கோ சமூக மன்றத்துக்கோ போவது நல்லது. புகை விலகியதும் சன்னல்களை அகலத் திறக்க வேண்டும்.

நுண்துகளை வடிகட்டும் என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி அமர்ந்தால் மட்டுமே பயன். தாடி அந்த ஒட்டுதலைக் கெடுக்கும். குழந்தை முகத்துக்குப் பெரியவர் அளவு பொருந்தாது. அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தின் ஓரங்களில் புகை கசியும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை இவற்றுள் எதுவும் தடுக்காது. மூச்சு நோயாளிகள் அணியுமுன் மருத்துவரைக் கேட்பதும், இன்ஹேலரை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் அவசியம்.

6. வெளியே உழைப்போர்

கட்டுமானத் தளத்தில் இரும்பு சுமக்கும் தமிழ்நாட்டு ஊழியருக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும் மேற்சொன்ன அறிவுரைகளில் பாதி பொருந்தாது. கடும் உழைப்பில் மூச்சு பல மடங்காகிறது; அதே காற்றில் பல மடங்கு துகள் உள்ளே போகிறது. வெயிலில் நாள் முழுதும் என்95 அணிந்து வேலை செய்வது கொடுமை. அவர்களுக்கு மாற வேண்டியது வேலைதான். 2015 செப்டம்பர் 25இல் சிங்கப்பூர் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை மூடியது. அது சரியான முடிவு. அதே அக்கறை சாரத்தில் நிற்பவருக்கும் உரியது. தள மேற்பார்வையாளர்களே, மணிநேர அளவை நுழைவாயிலில் தமிழிலும் எழுதி வையுங்கள். 150ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்துங்கள். அன்றைய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.