குற்றாலத்தில் நீர்ப் பாதுகாப்பு

குற்றாலத்தில் நீர்ப் பாதுகாப்பு என்பது தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றால அருவிகளில் நீராடுவோரும், அங்குள்ள குளத்தில் படகில் செல்வோரும் நீரில் மூழ்கி உயிரிழப்பதைத் தடுப்பதற்கான கருவிகளையும் முன்னெச்சரிக்கைகளையும் குறிக்கும். குற்றாலத்தில் கடலோ பெரிய ஏரியோ இல்லை. எனினும் மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளமும், கவிழக்கூடிய சிறு படகுகளும் இங்கு இவற்றைத் தேவையாக்குகின்றன.

அமைவிடமும் நீர்வரத்தும்

குற்றாலம், தென்காசி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வூர், 2019 நவம்பர் 22 அன்று தொடங்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி, சிற்றருவி ஆகியன பயணிகள் மிகுதியாகக் கூடும் அருவிகளாகும். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மலைமேல் வனப்பகுதிக்குள் உள்ளன.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான காலமே குற்றாலப் பருவம் எனப்படும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கோடை மழையின்போதும் அருவிகளில் வெள்ளப்பெருக்கு ஏற்படுவதுண்டு.

திடீர் வெள்ளம்

அருவிக்கு நீர் தரும் மழை மலையுச்சியில் பெய்கிறது. நீராடுவோர் அடிவாரத்தில் நிற்கின்றனர். ஆகவே கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையின் வெள்ளம் வந்து சேரக்கூடும். சரிவு செங்குத்தாக இருப்பதால் நீர்மட்டம் சில நிமிடங்களிலேயே உயர்ந்துவிடும். நீர் கலங்கிச் செந்நிறமாதல், இலை, சருகு, சிறு கிளைகள் அடித்து வரப்படுதல், அருவியின் ஓசை பெருகுதல் ஆகியன வெள்ளத்தின் முன்னறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளை எடுக்க நில்லாமல் உடனே மேடான இடத்திற்குச் செல்ல வேண்டும்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். வழக்கமான பருவம் தொடங்குவதற்கு முன்பே இது நிகழ்ந்தது. இங்கு ஆபத்து பருவமாதங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அருவிகளில் பாதுகாப்பு ஏற்பாடுகள்

பேரருவியில் நீர் விழும் இடத்தையொட்டிப் பாதுகாப்பு வளைவு ஒன்று உள்ளது. நீர் இவ்வளைவைத் தாண்டி விழும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுவது வழக்கம். இதனால் இவ்வளைவு ஒருவகை நீர்மட்ட அளவுகோலாகவும் பயன்படுகிறது. நீராடுவோர் பற்றிக்கொள்வதற்கு இரும்புக் கம்பித் தடுப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. தடை விதிப்பதும் நீக்குவதும் நீர்வரத்தைப் பொறுத்தவை. ஒரே நாளில் இருமுறைகூட இந்நிலை மாறலாம்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, பாசி படிந்த பாறைகளில் ஏறுவது, தடுப்புகளைக் கடந்து நின்று ஒளிப்படம் எடுப்பது, மது அருந்திவிட்டு நீரில் இறங்குவது ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். குழந்தைகளைப் பெரியவர் ஒருவர் எப்போதும் கையெட்டும் தொலைவில் வைத்திருத்தல் வேண்டும்.

படகுக் குழாம்

ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் உள்ள வெண்ணமடைக் குளத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உள்ளது. ஐந்தருவிப் பகுதியிலிருந்து வரும் நீரால் குளம் நிரம்பும் பருவத்தில் இங்குப் படகுப் பயணம் நடைபெறும். மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளும் பயன்படுத்தப்படுகின்றன.

பொதுவாக மிதிபடகுகள் பலவும் இரு மிதவைகளை இணைத்து அமைக்கப்படுகின்றன. இவ்வகையில் அவை இரட்டை உடல் கொண்ட பாய்மரக் கலங்களுக்கு உறவுடையவை. அக்கலங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கட்டமரான்’ என்னும் பெயர், தமிழின் ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து பிறந்ததாகும். இரு மிதவைகளும் அகன்று அமைவதால் படகு எளிதில் சாயாது. ஆனால் அனைவரும் ஒரே பக்கம் நகர்ந்தால் அப்பக்க மிதவை அமிழ்ந்து படகு கவிழும். கவிழ்ந்தபின் தலைகீழான நிலையிலும் அது உறுதியாக மிதப்பதால், நிமிர்த்துவது கடினம்.

பாதுகாப்புக் கருவிகள்

உயிர்காப்பு மேலங்கி: மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. எனவே தலையை நீருக்கு மேல் வைத்திருக்கச் சில கிலோகிராம் அளவே கூடுதல் மிதப்பு விசை தேவைப்படுகிறது. இவ்விசை நியூட்டன் என்னும் அலகில் குறிக்கப்படும். 10 நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும். பன்னாட்டுத் தர வரிசையில் 50, 100, 150, 275 நியூட்டன் என்னும் நிலைகள் உள்ளன. 50 நியூட்டன் வகை, உதவி அருகிலிருக்கும் இடத்தில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு உரியது. நீந்தத் தெரியாதவர்களுக்கு 100 நியூட்டனோ அதற்கு மேற்பட்டதோ பொருந்தும். நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு குறைவாதலால், கடலில் மிதப்பதைவிடக் குளத்தில் மிதப்பது சற்றுக் கடினம். மேலங்கி உடலளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வார்கள் அனைத்தும் பூட்டப்பட வேண்டும். தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுக்கும்போது அது காதுவரை ஏறினால் அளவு தவறானது என்று கொள்ளலாம்.

உயிர்காப்பு வளையம்: மூழ்குபவரை நோக்கி எறியப்படும் வளையம். கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகளின்படி, இது நன்னீரில் 14.5 கிலோகிராம் இரும்பை 24 மணி நேரம் தாங்க வேண்டும்.

ஏனையவை: எறிகயிறு, ஊதல், நீண்ட கழி, முதலுதவிப் பெட்டி, எப்போதும் ஆயத்தமாக நிற்கும் மீட்புப் படகு.

பிற இடங்களில் நிகழ்ந்த விபத்துகள்

2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடியில் ‘சலகன்னிகா’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களுள் தமிழகத்தினரும் இருந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது இவ்விபத்தின் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பயணிகள் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்தின் தானூரில் அளவுக்கு மீறிய பயணிகளுடன் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இந்தியாவில் 1917 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திற்கு மாற்றாக 2021 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

படகில் கடைப்பிடிக்க வேண்டியவை

ஏறுவதற்கு முன்பே மேலங்கியை அணிய வேண்டும். கையில் வைத்திருப்பது பயன் தராது. குறிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏறுதல் கூடாது. படகின் நடுவில் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக ஏறி அமர வேண்டும். இடையில் எழுந்து நிற்பதும் இடம் மாறுவதும் கூடாது. இடி மின்னலின்போது உடனே கரை திரும்ப வேண்டும். படகு கவிழ்ந்தால் அதைவிட்டு நீந்திச் செல்லாமல், அதைப் பற்றிக்கொண்டே உதவிக்குக் காத்திருப்பது நன்று.

மீட்பும் முதலுதவியும்

மூழ்குபவர் பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை. மூச்சுக்குப் போராடுவதால் குரல் எழாது. பயிற்சி இல்லாதவர் நீரில் குதித்தால் இருவரும் மூழ்க நேரிடும். கரையில் நின்றபடியே கழி, கயிறு, சேலை, வேட்டி ஆகியவற்றுள் ஒன்றை வீசி இழுப்பதே முறை.

மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதோ, சுழற்றுவதோ, நீரை வெளியேற்ற வயிற்றை அழுத்துவதோ தவறாகும். மூச்சு இல்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சளிப்பதில் தொடங்கி, பின்னர் 30 நெஞ்சழுத்தங்கள், 2 மூச்சுகள் என்னும் முறையில் உதவி வரும்வரை தொடர வேண்டும். 108 எண்ணில் அவசர ஊர்தியையும், 101 எண்ணில் தீயணைப்பு, மீட்புப் பணித் துறையையும் அழைக்கலாம். நினைவு திரும்பினாலும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நுரையீரலுக்குள் புகுந்த நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படக்கூடும்.

ஐக்கிய நாடுகள் அவை 2021 இல் சூலை 25 ஆம் நாளை உலக நீர்மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. இந்நாள் குற்றாலப் பருவத்தின் நடுவில் அமைகிறது.