நடக்கலாம், ஆனா நிக்கக் கூடாது: கொழும்பின் காலடி வரலாறு

ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, காலிமுகத்திடல் வரைக்கும் நடப்பதெண்டு முடிவெடுத்தோம். ஓட்டோ இல்லை, பஸ் இல்லை. நேராகப் போனால் அரை மணித்தியாலம்தான். புறக்கோட்டையைச் சுற்றிப் போனபடியால் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது.

வழியில் ஒரு புதுக்கட்டடத்தின் முன்னால் நல்ல நிழல். எங்களில் ஒருத்தி அங்கிருந்த குட்டிச்சுவரில் இருந்து செருப்பைக் கழற்றினாள். உடனே காவலாளி வந்துவிட்டார். “இங்க இருக்க ஏலாது.” அப்ப நடக்கலாமா எண்டு கேட்டோம். “நடக்கலாம். நிக்கக் கூடாது.” அவரில் கோபம் வரவில்லை, அவருக்கு மேலிடத்தில் சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்னார். ஆனால் அந்த இரண்டு சொற்கள் திடல் வரைக்கும் எங்களோடு கூடவே வந்தன. யோசித்துப் பார்த்தால், இந்த நகரத்தின் வரலாறே கிட்டத்தட்ட அதுதான்.

கோட்டைக்கு மதில் இருந்த காலத்தில் அதற்கு வெளியே இருந்தது பேட்டை. ஆங்கிலத்தில் ‘பெட்டா’ என்று சொல்வது எங்கட இந்தச் சொல்லைத்தான். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் கோட்டைக்கு அப்பால், வாவிக்கரையில் அடைத்து வைத்தார்கள். பகலில் வேலைக்கு வரலாம், இருட்டினால் நகரத்துக்குள் நிற்கக் கூடாது. அந்த இடம்தான் இன்றைய கொம்பனித் தெரு. ஆங்கிலப் பெயரில் ‘அடிமைத் தீவு’ என்பது நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. சோனகரும் தமிழரும் கோட்டையிலும் பேட்டையிலும் வீடு, நிலம் வைத்திருக்கவும் அந்தக் காலத்தில் தடை போட்டார்கள். ஆங்கிலேயர் அதை நீக்கியது 1832இல். ஆனால் 1841இல் அவர்களே அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காரணமில்லாமல் தெருவில் நிற்பவரைப் பிடிக்க வழிசெய்த அந்தச் சட்டம், சுதந்திரம் கிடைத்த பிறகும் ஏழைகள் மீதும் பாலியல் தொழிலாளர்கள் மீதும் திருநர்கள் மீதும் பாய்ந்துகொண்டிருந்தது. 1869இல் கோட்டை மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். கல் மதில் போனது, சட்ட மதில் நின்றது.

அதற்காகப் பழைய நகரம் முழுக்கக் கொடுமை எண்டு சொல்ல வரவில்லை. புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். பார்சிக் குடும்பமொன்று தங்கள் தந்தையின் நினைவாக 1923இல் கொழும்பு மக்களுக்குக் கொடுத்தது. வழிப்போக்கர் தண்ணீர் குடிக்கவும் அதில் ஏற்பாடு இருந்தது. கோட்டைக்குள் 1906இல் கட்டி முடிந்த சிவப்பு நிறக் கார்கில்ஸ் கட்டடம் நடைபாதைக்கு மேலேயே கூரை போட்டிருக்கிறது. வெயிலோ மழையோ, கடைக்குப் போகாதவரும் அதற்குக் கீழால் நடக்கலாம். எங்கட வெக்கைக்கு நிழலும் தண்ணீரும் இல்லாமல் நடைபாதை இல்லை எண்டு அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புறக்கோட்டைக்குள் நடப்பது லேசான காரியம் இல்லை. நாட்டாமிகள் மூட்டை அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், நடைபாதையில் கடை விரித்திருக்கும், கடைசியில் நாங்கள் தெருவில் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நடக்க வேண்டும். நாங்களும் வாய்க்குள் ஏசினோம்தான். ஆனால் கூட வந்த பெண் தோழிகள் ஒன்றைச் சொன்னார்கள். பொழுதுபட்ட பிறகு, கடைக்காரரும் வெளிச்சமும் இருக்கிற குறுக்குத் தெருக்களில் போகப் பயமில்லை. கோட்டைக்குள் ஒரு ஈ காக்கை இல்லாத சுத்தமான தெருவில்தான் கால் தன்னால் வேகமாகும். ஆள் நிற்கிறதால்தான் தெரு பாதுகாப்பாகிறது. வியாபாரிகளைத் துரத்துவதை விட, வாகனத்திடமிருந்து கொஞ்ச இடத்தை எடுத்து இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் நியாயம்.

கோட்டைத் தெருக்கள் வெறிச்சோடியதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. வேலைக்குப் போன சாதாரண சனங்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அங்கே பல வீதிகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. தமிழருக்கோ கொழும்பில் நடப்பது என்றால் ஐசி, பொலிஸ் பதிவுத் துண்டு, ஒவ்வொரு சந்தியிலும் “எங்க போறீங்க?” என்ற கேள்வி. 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. எங்களில் ஒருவரின் அம்மா இன்றைக்கும் கோட்டையில் நடக்கும்போது கைப்பையைத் திறந்து ஐசி இருக்கிறதா எண்டு பார்ப்பார். யாரும் கேட்பதில்லை, ஆனால் கைக்கு அது பழகிவிட்டது.

போர் முடிந்து 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அழகான நடைபாதைகள் வந்தன, மதில்கள் விழுந்தன. அவற்றில் நாங்களும் நடந்திருக்கிறோம், பொய் சொல்லவில்லை. அதே 2010இல் கொம்பனித் தெருவின் மியூஸ் வீதியில் சனங்களின் வீடுகளும் இடிக்கப்பட்டன. சிலருக்கு நடக்க வழி கிடைத்தது, சிலருக்கு நிற்க இடம் இல்லாமல் போனது.

பின்னேரம் ஒருவாறு திடலுக்கு வந்து சேர்ந்தோம். பட்டம், இறால் வடை, கடல் காற்று. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் இந்த உலாப்பாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கல்லில் வெட்டிவைத்துப் போனார். ஆனால் கல்லில் இல்லாத வரலாறுதான் எங்களுக்குப் பெரிசு. 1956 ஜூன் 5, தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராக செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அன்றைய பாராளுமன்றத்துக்கு முன்னால் இந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் அடித்தார்கள். அவர்கள் கேட்டதும் இருக்க ஒரு இடம்தான். 66 வருடம் கழித்து, 2022 ஏப்ரல் 9 முதல் அதே புல்லில் கூடாரங்கள் எழுந்தன. மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டு, கஞ்சியும் கொடுக்கப்பட்டது. ஜூலை 22 விடியுமுன் படையினர் வந்தார்கள்.

இப்ப திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகரம் இருக்கிறது. 269 ஹெக்டயர் நிலம், அதில் 91 ஹெக்டயர் பொது இடம் என்கிறார்கள். உலாவப் போகலாம், நாங்களும் போவோம். ஆனால் ஒரு இடம் பொது இடமா எண்டு அளக்க ஹெக்டயர் காணாது. காசு செலவழிக்காமல் இருக்கலாமா, தண்ணீர் இருக்கா, கழிப்பறை இருக்கா, ஒரு பதாகையோடு நிற்கலாமா, தமிழில் சத்தமாகக் கதைக்கலாமா எண்டு கேட்க வேண்டும்.

நாங்கள் இருட்டும் வரைக்கும் புல்லில் இருந்தோம். யாரும் எழும்பச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நீங்களும் நடந்து பாருங்கள். எங்கெல்லாம் உங்களை நிற்க விடவில்லை எண்டு ஒரு துண்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்.