மிக்-21: 62 ஆண்டுகள் ஏன் ஓட்டினோம்?

 

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் அதே சண்டிகரில்தான் அதன் முதல் படைப்பிரிவு அமைந்தது. நான் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன் வந்த விமானம், நான் ஓய்வு பெற்ற பிறகும் பறந்துகொண்டிருந்தது!

அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையை மிக்-21கள் தாக்கின. அன்றைக்கே ஆளுநர் மாலிக் பதவி விலகினார். இரண்டு நாளில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயர் வந்தது இப்படித்தான். ஆனால் பழியை முழுக்க விமானத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பேன். இளம் விமானிகளுக்கு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று லாஃபோன்டைன் குழு 1982இலேயே சொல்லிவிட்டது. ஹாக் பயிற்சி விமானம் வந்து சேர்ந்தது 2008இல். 26 வருடம்! மெதுவான விமானத்தில் பழகிய பையன்கள், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் ஒன்றை அதுவரை ஓட்டினார்கள்.

மாற்று விமானமான தேஜஸுக்கு 1983இல் ஒப்புதல் கிடைத்தது. முதன்முதலில் பறந்தது 2001இல், படைப்பிரிவு ஆனது 2016இல். இடையில் என்ன செய்வது? 125 மிக்-21களுக்குப் புது ரேடார், புது ஏவுகணை பொருத்தி 'பைசன்' ஆக்கினார்கள். 2019இல் நம் அபிநந்தன் ஓட்டியது அதைத்தான். கண்ணும் கையும் புதுசு, உடம்பு பழசு.

பழசைப் புதுப்பிப்பதே தவறு என்று சொல்லவில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடி தொழிற்சாலைக்கே அந்த வேலை உண்டு. டி-72 டாங்கிகளின் 780 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துவிட்டு 1000 குதிரைத்திறன் இன்ஜின் வைக்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அதன் தொழில்நுட்பம் ஆவடிக்குத்தான் வருகிறது. டாங்கி இன்ஜின் நின்றால் வண்டி நிற்கும். ஒற்றை இன்ஜின் விமானம் விழும். 2023 மே மாதம் ராஜஸ்தானில் ஒரு மிக்-21 வீட்டின் மேல் விழுந்தது. விமானி தப்பினார், கீழே இருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் வந்தது. 1981இல் முதலில் பறந்த கொலம்பியா விண்கலம் 2003இல் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். 2010க்குப் பிறகும் ஓட்டுவதென்றால் பாகம் பாகமாகச் சோதித்து மறுசான்று தர வேண்டும் என்றது விசாரணைக் குழு. 2011இல் அந்த விண்கலங்களையே நிறுத்திவிட்டார்கள். மாற்று தயாராகாததால் 2020 வரை ரஷ்ய சோயுஸில் காசு கொடுத்து இடம் வாங்கினார்கள். மானம் போனாலும் உயிர் போகவில்லை.

நமக்கும் இப்போது 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 29தான். விடை கொடுத்ததற்கு முதல் நாள்தான் இன்னும் 97 தேஜஸ்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2021இல் கேட்ட 83இல் ஒன்றுகூட அன்று வரை கைக்கு வரவில்லை. அடுத்த வரிசையில் ஜாகுவார் நிற்கிறது. 1979இல் வந்தது. 2025இல் மட்டும் மூன்று விழுந்தன.