பெரியண்ணன், சின்னண்ணன்

செய்யாறு பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி செல்போனில் மகளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். "தனியா இருக்கேன், தனியா இருக்கேன்னு பொலம்பாதடீ! அண்டை அயல்ல நாலு பேரோட பழகு..."

அயல்! விசித்திரமான சொல். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அயலார்தான். ஏழு கடல் தாண்டி இருப்பதும் அயல்நாடுதான். இத்தனை கிட்டத்துக்கும் அத்தனை தூரத்துக்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்திருக்கிறானே, ஏன்?

இயேசுவிடம் ஒருவர் கேட்ட கேள்வி ஏறக்குறைய இதுதான். கேட்டவர் சட்டம் படித்தவர் (அதனால்தான் விளக்கம் கேட்கிறார்!). கடவுளை நேசி, உன்னைப் போலப் பிறனையும் நேசி என்பது பழைய யூதச் சட்டம். சரி, 'பிறன்' என்றால் யார்? எதுவரை கணக்கு? அதற்கு இயேசு ஒரு கதை சொன்னார். வழிப்பறியில் அடிபட்டு ஒருவன் ரோட்டோரம் கிடக்கிறான். கோயில் பூசாரி பார்த்துவிட்டு விலகிப் போகிறார். கோயில் ஊழியரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர்கள் தீண்டாமல் ஒதுக்கி வைத்திருந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். அவன் காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

கதை எல்லா கிறிஸ்தவர்களுக்கும் தெரியும். சிக்கல், கதையை வாழ்ந்து காட்டுவதில்தான். நம் ஊர் சர்ச்சுகளிலேயே ஒரு காலத்தில் ஜாதிவாரியாக உட்கார்ந்தார்கள். நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்று தகராறு நடந்தது. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், 'சபைக்குள் ஜாதி வேறுபாடு கூடாது' என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. உத்தரவு போட்டவுடன் ஜாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.

அதே சமயம், வெள்ளைக்கார மிஷனரிகள் தங்களுக்கென்று ஒரு ஜாதியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷனரிக்குப் பெரிய பங்களா, குதிரை வண்டி. அவருக்குக் கீழே வேலை பார்த்த இந்திய உபதேசியாருக்கு அற்பச் சம்பளம். ஏழைக்குக் கஞ்சி ஊற்றுவார்கள், நோயாளியின் புண்ணைக் கழுவுவார்கள், காலராவில் தாங்களே செத்தும் போவார்கள். ஆனால், கூட வேலை செய்யும் இந்தியரைத் தங்கள் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட மாட்டார்கள்!

இதைப் போட்டு உடைத்தவர் ஒரு தமிழர். தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேருக்கும் நடுவே, 35 வயது அசரியா எழுந்து சொன்னதன் சாரம் இது: நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், எல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள், அதுதான் இல்லை. சபையில் சலசலப்பு. பலருக்கு முகம் சுருங்கிப் போனது. (இரண்டே வருடத்தில் அசரியா தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப் அவர்தான்.)

தானம் செய்வது சுலபம். பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவதுதான் கஷ்டம். அதைச் செய்து பார்க்க இருவர் கிளம்பினார்கள். அவர்கள் கதைக்குத்தான் வருகிறேன்.

எஸ்.ஜேசுதாசன் தமிழர், டாக்டர். 1882-ல் பிறந்தவர். மருத்துவம் படிக்க பிரிட்டன் போனார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அங்கே எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து இளைஞரைச் சந்தித்தார். அவரும் மருத்துவம் படித்தவர். ஜேசுதாசனைவிட ஒன்பது வயது இளையவர்.

பேட்டன்! ஸ்வெட்டர் பின்னும் பெண்மணிகளுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். 'பேட்டன்ஸ்' கம்பளி நூல் உலகம் முழுக்கப் பிரசித்தம். ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரத்தில் அந்த ஆலையை நடத்திய குடும்பம்தான் இவர் குடும்பம். பரம்பரைப் பணக்காரர். நூலாலை முதலாளியின் வீட்டுப் பிள்ளை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1921. ஒத்துழையாமை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஜாலியன்வாலாபாக் நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் என்றாலே ஜனங்களுக்கு ஆத்திரம். அப்போது இருவரும் சேர்ந்து வட ஆற்காடு ஜில்லா திருப்பத்தூரில் ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். (செய்யாறு, ஆரணி, வேலூர், திருப்பத்தூர் எல்லாம் அன்று ஒரே ஜில்லா.)

இந்த ஜில்லாவுக்கு டாக்டர் மிஷனரிகள் புதிதல்ல. 1853-லேயே அமெரிக்க ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கிவிட்டார்கள். ஆரணியிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. அந்தக் குடும்பத்துப் பேத்தி ஐடா ஸ்கடர் ஆரம்பித்ததுதான் வேலூர் சி.எம்.சி. இன்றும் இந்தப் பக்கத்தில் நோய் முற்றினால், "வேலூருக்குத் தூக்கிட்டுப் போங்க" என்பார்கள். பிரம்மாண்டமான ஸ்தாபனம். அதன் கதை பலருக்குத் தெரியும். திருப்பத்தூர்க் கதைதான் அமுங்கிப் போய்விட்டது.

ஆசிரமத்துக்கு வைத்த பெயர், 'கிறிஸ்துகுலம்'. குலம் என்றால் நம் ஊரில் முதலில் என்ன ஞாபகம் வரும்? "நீங்க என்ன குலம்?" என்ற விசாரணைதானே! அந்தச் சொல்லையே பிடுங்கி, இங்கே இருக்கும் எல்லோருக்கும் ஒரே குலம் என்று போர்டு மாட்டிவிட்டார்கள். நாட்டின் முதல் புராட்டஸ்டன்ட் ஆசிரமங்களில் ஒன்று இது.

உள்ளே என்ன நடந்தது? கதர் உடை. சைவச் சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜெபம் முடிந்ததும் ஆஸ்பத்திரி வேலை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு, எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்க்காமல் வைத்தியம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறு. ஜேசுதாசனை எல்லோரும் 'பெரியண்ணன்' என்று கூப்பிட்டார்கள். பேட்டன் 'சின்னண்ணன்'. சாதாரண விஷயம்போலத் தோன்றும். ஆனால், அது 1921! கலெக்டர், சூப்பிரண்டு, பிஷப் என்று எந்த நாற்காலியைப் பார்த்தாலும் அநேகமாக ஒரு வெள்ளைக்காரர்தான் உட்கார்ந்திருப்பார். அப்பேர்ப்பட்ட காலத்தில், பணம் கொண்டு வந்த வெள்ளைக்காரர் தம்பி. கறுப்பு மனிதர் அண்ணன். நிறமும் பணமும் செல்லுபடியாகவில்லை. நம் வீடுகளில் இருப்பதுபோல வயசுதான் கணக்கு!

அயலானாக வந்தவர் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். சரி, அதற்கு அவர் கொடுத்த விலை?

1932 ஜனவரியில் காந்தி கைதாகிறார். மறுபடி சட்டமறுப்பு. சென்னையில் அந்நியத் துணி விற்கும் கடைகள் முன்னால் மறியல். அப்போது சென்னைக்கு வந்திருந்த சின்னண்ணன், மறியல் நடந்த இடத்தில் கதர் உடையோடு நின்றிருக்கிறார். போலீஸுக்கு அந்த உடைதான் கண்ணில் பட்டது. கதர் கட்டியவன் காங்கிரஸ்காரன். காங்கிரஸ்காரன் என்றால் லத்தி! அடித்தார்கள், கைதும் செய்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலாலைக் குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டிஷ் துணியை விற்காதே என்று இந்தியர்கள் மறியல் செய்யும் இடத்தில், இந்தியக் கதரைக் கட்டியதற்காக, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் போலீஸிடம் அடி வாங்குகிறார்!

விஷயம் லண்டனை எட்டியது. பிரிட்டிஷ் பார்லிமென்டில் கேள்வி எழுப்பினார்கள். அடிபட்டவர் டாக்டர், வெள்ளைக்காரர், பெரிய இடத்துப் பிள்ளை ஆயிற்றே! அதே நாட்களில் அதே தெருக்களில் மண்டை உடைந்த எத்தனையோ பேருடைய பெயர் அந்தச் சபைக்குப் போகவே இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்கு அரசியலில் தலைகாட்டும் மிஷனரிகளை அரசாங்கம் சும்மா விடவில்லை. இரண்டு வருடம் முன்புதான், மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரி கெய்த்தான் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. காந்தி சார்பாக வைசிராய்க்குக் கடிதம் கொண்டுபோன ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். விருந்தோம்பலுக்கு நாடு கடத்தல்! சின்னண்ணனுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் கதரை அவிழ்க்கவில்லை. திருப்பத்தூருக்குத் திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆசிரமத்துக்குள் ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். சர்ச் என்றால் நமக்குத் தெரிந்தது ஊசிக் கோபுரமும் மணிக்கூண்டும்தான். இங்கே நம்மூர்க் கோயில் பாணியில் கல் கட்டடம், மண்டபம், கோபுரம். வெளியூர்க்காரர் யாராவது தேங்காய் பழத்தோடு வந்து நின்றிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்! ஆசிரமங்களைப் பற்றி ஜேசுதாசன் 1937-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார்.

ஆரணி பஸ்ஸில் ஏறியபோது பாட்டிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கையில் பாவு நூல் பொட்டலம். "எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பித்தவர், அடுத்த கேள்வியாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். அண்டை அயலோடு பழகச் சொன்ன அதே பாட்டி! சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. போகிற வழி முழுக்க, சுற்றிச் சுற்றி அதே கேள்விக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

பெரியண்ணன் 1969-ல் இறந்தார். அடுத்த வருடமே சின்னண்ணனும் போய்விட்டார்.