தாத்தாவின் விஜயந்தாவும் 9 மில்லிமீட்டரும்

இந்த முறை வரலாறு. ஆனால் ராஜா, கோட்டை எதுவும் கிடையாது. எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு ஷோகேஸில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டாங்கியின் வரலாறு.

அம்மா வழித் தாத்தா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வெல்டர். ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார். அவர் ஒட்டிச் செய்த டாங்கி அது. அடியில் அவர் கையெழுத்தில் "விஜயந்தா - ஆவடி" என்று இருக்கும். ஆயுத பூஜை அன்று ஸ்பானர், சுத்தியலோடு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

போன ஆயுத பூஜைக்குத் துடைத்தபோது பக்கவாட்டுத் தகடு ஒன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் சக்கரங்கள் இரண்டிரண்டாக, மூன்று ஜோடி. விஜயந்தா படங்களில் அப்படி இல்லையே? அங்கேதான் ஆரம்பித்தது வினை.

விஜயந்தா எது? இது எது?

1961ல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. 1965ல் ஆவடியில் முதல் விஜயந்தா வெளியே வந்தது. 1980களின் தொடக்கம் வரை சுமார் 2200 டாங்கிகள் செய்தார்கள். எடை சுமார் 39 டன். 105 மி.மீ. பீரங்கி. சக்கரங்களைத் தாங்குவது, டாங்கியின் அடித்தளத்தில் குறுக்கே கிடக்கும் எஃகுத் தண்டுகள். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், பிறகு தானே திரும்பும். பெல்ட்டை மேலே தாங்க ஒரு பக்கத்துக்கு 3 உருளைகள்.

எங்கள் வீட்டு டாங்கியில் 6 உருளைகள். ஜோடிச் சக்கரங்களுக்கு நடுவே, உடலுக்கு வெளியே ஸ்பிரிங். சந்தேகமே இல்லை, இது செஞ்சுரியன். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் பிரிட்டன் உருவாக்கியது. எடை 50 டன்னுக்கு மேல். இந்தியாவும் வாங்கியது. 1965ல் பில்லோராவில் சண்டை போட்டது இதுதான். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தரில் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் கடைசிவரை இறங்க மறுத்த "ஃபமகுஸ்தா"வும் ஒரு செஞ்சுரியன்தான்.

ஆக, ஆவடியில் வேலை பார்த்த தாத்தாவுக்கே விஜயந்தா எது என்று தெரியவில்லையா? எனக்கு வருத்தமாகவே இருந்தது. சரி, பேரன் திருத்திவிடலாம் என்று கத்தியும் உப்புத்தாளும் எடுத்து உட்கார்ந்தேன். "டேய் கண்ணா, தாத்தா கை வச்சதை சுரண்டாதேடா" என்றார் பாட்டி. கேட்டேனா? இல்லை.

சுரண்டியபோது தெரிந்தது

கிட் பழைய ரகம், மோட்டார் வைத்து ஓட்டுவது. அடியில் சுவிட்சுக்கு ஓட்டை, உள்ளே பேட்டரிக்கு இடம். பெட்டியில் வந்தது செஞ்சுரியன் மார்க் 3. அதற்கு 84 மி.மீ. "20 பவுண்டர்" பீரங்கி, வெறும் நீளக் குழாய்தான். 105 மி.மீ. பீரங்கிக்குக் குழலின் இடையில் ஒரு வீக்கம் இருக்கும். சுட்ட பிறகு புகை டாங்கிக்குள் வராமல் வாய் வழியாக வெளியேறுவதற்கு.

எங்கள் டாங்கியின் குழலிலும் அந்த வீக்கம் இருந்தது. கத்தியை வைத்ததும் பெயின்ட் உதிர்ந்து, அடியில் எம்-சீல்! இடம் பார்த்து, உருட்டி, தேய்த்து வைத்திருக்கிறார். குழல் வாயையும் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார். 1/35 அளவில் 84 மி.மீ. என்றால் 2.4, 105 என்றால் 3. அளந்து பார்த்தேன், சரியாக 3!

அப்புறம் டர்ரட். செஞ்சுரியனுக்கு அது பெரும்பாலும் வார்ப்பு, உருண்டையாக இருக்கும். விஜயந்தாவுக்குத் தட்டையான தகடுகளை வெல்டு செய்தது. தாத்தா உருண்டையை அரத்தால் ராவித் தட்டையாக்கி, ஓரங்களில் நூல் மாதிரி எம்-சீல் வரி போட்டிருந்தார். வெல்டிங் கோடு!

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தாத்தா ஏமாறவில்லை. விஜயந்தா கிட் கிடைக்காததால் கிடைத்த செஞ்சுரியனை விஜயந்தாவாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மாற்ற முடியாத சக்கரங்களைத் தகடு போட்டு மறைத்துவிட்டார்.

நான் முடிக்கலாமா?

ஸ்கேல் எடுத்தேன். செஞ்சுரியனின் உடல் நீளம் சுமார் 7.6 மீட்டர், விஜயந்தா 7.92. 1/35ல் இது 217க்கும் 226க்கும் உள்ள வித்தியாசம், 9 மி.மீ. குறைகிறது. அகலமோ 6 மி.மீ. அதிகம். சக்கரத்தை மாற்றலாம், உருளையைப் பிடுங்கலாம். ஆனால் உடலையே அறுத்து ஒட்டினால் அது தாத்தா செய்த டாங்கியாக இருக்காது.

ஆனால் ஒரு சந்தோஷமான விஷயம் உண்டு. 105 மி.மீ. பீரங்கியை வடிவமைத்ததே செஞ்சுரியனின் 20 பவுண்டர் இருந்த இடத்தில் பொருந்த வேண்டும் என்றுதான். 1950களின் கடைசியிலிருந்து பிரிட்டன் தன் செஞ்சுரியன்களுக்கு அதை மாட்டியது. அதே பீரங்கிதான் பிறகு விஜயந்தாவுக்கும் வந்தது. ஆக, செஞ்சுரியன் உடலில் 105 பீரங்கி என்பது தப்பே இல்லை. உண்மையில் ஓடிய டாங்கி!

உதிர்ந்த பெயின்ட்டை மட்டும் தொட்டுவிட்டு, பக்கத் தகட்டை எடுத்து மாட்டும் மாதிரி ஒட்டாமல் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குச் சக்கரத்தைக் காட்டலாம். "விஜயந்தா - ஆவடி" அப்படியே இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக "உடல்: செஞ்சுரியன்" என்று மட்டும் எழுதினேன். பாட்டி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. டாங்கியை வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்து ஷோகேஸில் வைத்தார்.

கொசுறு: அது என்ன 1/35 என்று ஒரு எண்? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா பேந்தர் டாங்கி கிட் செய்தபோது, உள்ளே இரண்டு பேட்டரி பிடிக்கும் அளவுக்கு உடலை வடிவமைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் சுமார் 1/35 வந்தது. இன்று உலகமே அந்த அளவில் டாங்கி செய்கிறது. துல்லியம் துல்லியம் என்று நாம் அடித்துக்கொள்வதன் அஸ்திவாரமே இரண்டு பேட்டரி! :-)