ஏடு சுருக்கிய தேவன்

1220-ஆம் ஆண்டையொட்டி, ஐஸ்லாந்துத் தீவில் பெருநிலக்கிழாராகவும் கவிஞராகவும் விளங்கிய ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்பவர், பழந்தெய்வங்களின் கதைகளை மறந்துவிட்டால் பழங்கவிகளின் உருவகங்களும் விளங்காமற் போகுமே என்ற கவலையினால், இளங்கவிகளுக்கு இலக்கணமாக ‘எட்டா’ என்னும் நூலை இயற்றினார். தீவு கிறிஸ்துவ சமயத்தைத் தழுவி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னர், தாமும் கிறிஸ்துவராக இருந்துகொண்டே அவர் செய்த இக்கைங்கரியம் இல்லையேல், ஒற்றைக்கண் ஓடினையும் சம்மட்டி ஏந்திய தோரையும் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகியிருக்கும். அத்தகைய நூலிலே உல்லர் என்ற தேவனுக்குக் கிடைத்த இடமோ சில வரிகள்தாம்: சிஃப் என்னும் தேவியின் மகன், தோருக்கு மாற்றாந்தந்தை முறையில் மகன், வில்வித்தையிலும் பனிச்சறுக்கிலும் எவரும் எதிர்நிற்க இயலாதவன், அழகன், துவந்த யுத்தத்துக்குச் செல்வோர் நினைத்து வேண்டத்தக்கவன். தந்தை யார் என்று கூடச் சொல்லவில்லை. அவனை நாயகனாகக் கொண்ட கதை ஒன்றேனும் இல்லை.

ஏட்டை மூடிவிட்டு ஸ்வீடன், நார்வே தேசங்களின் வரைபடத்தை விரித்தால் காட்சி முற்றிலும் வேறாகிறது. உல்லெவி, உல்லெரோக்கர், உல்லென்சாக்கர் என, அவன் பெயரோடு கோயிலிடத்தையோ விளைநிலத்தையோ குறிக்கும் சொல்லைச் சேர்த்து வழங்கும் ஊர்கள் நெடுகக் கிடக்கின்றன. ஐஸ்லாந்திலோ அப்படியோர் ஊர் இல்லை. கதைகளை எழுதிவைத்த நாடு ஒன்று, அந்தத் தேவனைக் கும்பிட்ட நாடு வேறொன்று என்பதை மறந்துவிட்டு, ஏட்டிலே குறுகியவன் பக்தர் உள்ளத்திலும் குறுகியவனே என்று தீர்மானித்துவிட்ட பழைய ஆராய்ச்சியாளர் சிலரின் அவசரம் வியப்புக்குரியது.

ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே ப்ரூ என்னும் ஊரருகே, லில்லா உல்லெவி என்று பெயர் வழங்கும் இடத்தில், 2007-இல் அகழ்வாராய்ச்சியாளர் தோண்டியபோது, வைக்கிங் காலத்திற்கும் முந்திய வழிபாட்டிடம் ஒன்று வெளிப்பட்டது. கற்களை நெருக்கி அடுக்கிய மேடை, அதனின்று நீண்ட இரு கைகள், மரத்தூண்கள் நின்ற குழிகள், இவற்றிடையே காணிக்கையாக இடப்பட்ட சிறு வளையங்கள் அறுபத்தைந்து! அட்லி என்ற மன்னனைப் பற்றிய பழம்பாடல் ஒன்றிலே, உல்லரின் வளையத்தின்மேல் ஆணையிட்டவன் அவ்வாணையை முறித்த செய்தி வருகிறது. பாட்டிலே வெறும் அலங்காரமாகத் தோன்றிய அந்த வளையத்தோடு மண்ணுக்குள் கிடந்த இவற்றையும் இணைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஊர்ப்பெயர் பொய் சொல்லவில்லை என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வழிபாட்டின் தொன்மையைக் குறிக்கும் மற்றொரு தடயம், இன்றைய ஜெர்மனியின் வடகோடியிலுள்ள தோர்ஸ்பெர்க் சதுப்பு நிலத்திலே கிடைத்தது. கி.பி. 200-ஐ ஒட்டிய வாளுறையின் முனைப்பூண் ஒன்றில் ரூன் எழுத்துக்களால் பொறிக்கப்பட்ட பெயரை, ‘உல்லரின் அடியான்’ என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். அவ்வாசகம் சரியாயின், ஸ்னோரிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவன் பெயரைச் சூடிய வீரர் இருந்தனர் என்றாகிறது. ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறத் தொடங்கியது 870-ஐ ஒட்டியே. அதற்குள் இந்தத் தேவனின் செல்வாக்கு தணிந்து, கப்பலேறியவர்களோடு பெயரும் சில பட்டங்களும் மட்டுமே கடல் கடந்தன என்று கருதுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கேடயத்தை ‘உல்லரின் கப்பல்’ என்று கவிகள் பாடினரேயன்றி, அவன் எப்போது எதற்காகக் கேடயத்தில் ஏறிச் சென்றான் என்ற கதை எங்கோ நழுவிவிட்டது.

அக்கதையின் நிழல் டென்மார்க்கில் எஞ்சியது எனலாம். 1200-ஐ ஒட்டி லத்தீனிலே தேசசரித்திரம் எழுதிய சாக்ஸோ கிராமட்டிகஸ், தேவர்களையெல்லாம் பைஸாந்தியத்தில் கொலுவிருந்த மாயவித்தைக்காரர்களாக மாற்றிவிடுகிறார், பாதிரியார் அல்லவா! ஓடின் அபகீர்த்தி அடைந்து நாடு கடத்தப்பட்டபோது, ஓல்லெருஸ் என்பவனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்களாம்; உல்லர் என்னும் பெயரின் லத்தீன் வடிவமே அது. பத்தாண்டுக் காலம் ஆண்டானாம். மந்திரம் செதுக்கிய எலும்பின்மேல் கடலைக் கடப்பானாம். மந்திரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது எலும்புச் சறுக்குக்கட்டையே. குதிரை அல்லது மாட்டின் கால் எலும்பை அடிப்புறம் மழமழவென்று தேய்த்துப் பாதத்தின்கீழ் வைத்து, காலைத் தூக்காமலே, முனையிலே இரும்பு பொருத்திய கழியால் உந்தி உறைந்த ஏரியைக் கடப்பது வடதேசத்தாரின் அன்றாட வழக்கமாக இருந்தது. பிர்க்கா என்ற பழைய வணிகத் தீவிலே அத்தகைய எலும்புகள் ஏராளமாக அகப்பட்டிருக்கின்றன. ஓடின் திரும்பிவந்ததும் ஓல்லெருஸ் ஸ்வீடனுக்கு ஓடிப்போனான் என்று சாக்ஸோ முடிக்கிறார். அவன் பெயர் தாங்கிய ஊர்கள் மலிந்திருப்பதும் அங்கேதான்.